எறியும் கை உண்டு, ஏறும் படி இல்லை: இந்தியக் கல்லூரி பேஸ்பாலின் கதை

புது தில்லி: கரோனா நோய்த்தொற்றால் கல்லூரி மைதானங்கள் பூட்டிக் கிடந்த 2020-ஆம் ஆண்டு செப்டம்பர் 1-ஆம் தேதி மத்திய பணியாளர், பயிற்சித் துறை ஓர் அலுவலகக் குறிப்பாணையை வெளியிட்டது. மத்திய அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களை நியமிப்பதற்குத் தகுதியுள்ள விளையாட்டுகளின் பட்டியல் 43-லிருந்து 63-ஆக உயர்த்தப்படுகிறது என்பதே அதன் சாரம். புதிதாகச் சேர்ந்த 20 விளையாட்டுகளில் மல்லர் கம்பமும் கயிறு இழுத்தலும் செய்திகளில் பேசப்பட்டன. ஆங்கில அகரவரிசைப்படி அந்த இருபதில் முதலாவதாக நின்றது பேஸ்பால். அதைப் பற்றிப் பேசியவர்கள் மிகக் குறைவு.

ஆனால், வட மாநிலங்களின் கல்லூரிகளிலும் வடகிழக்கிலும் பேஸ்பால் ஆடிவந்த மாணவர்களுக்கு அந்த ஒற்றை வரி சாதாரணமானது அல்ல. அதுவரை பேஸ்பாலில் தங்கள் பல்கலைக்கழகத்துக்காக ஆடி, பதக்கம் வென்று, சான்றிதழ் வாங்கி வைத்திருந்தவர்களுக்கு, மத்திய அரசின் விளையாட்டு ஒதுக்கீட்டில் அந்தச் சான்றிதழால் பயன் இருக்கவில்லை. தாங்கள் ஆடுவதும் ஒரு விளையாட்டுத்தான் என்று அரசு ஒப்புக்கொண்டது அன்றுதான்.

இந்தியாவில் கல்லூரி விளையாட்டு எதனால் வாழ்கிறது, எதனால் தேய்கிறது என்பதைப் புரிந்துகொள்ள கிரிக்கெட்டைவிடவும் ஹாக்கியைவிடவும் இந்தச் சிறிய விளையாட்டின் கதையே உதவும்.

பட்டியலுக்கு உள்ளே, வெளியே

முந்தைய 43 விளையாட்டுகளின் பட்டியலைப் படித்துப் பார்த்தால் சில வியப்புகள் காத்திருக்கின்றன. கேரம் இருந்தது. சீட்டாட்டமான பிரிட்ஜ் இருந்தது. தமிழகப் பள்ளிகளுக்கு நன்கு அறிமுகமான பூப்பந்தும் வளையப்பந்தும் இருந்தன. பனிச்சறுக்கும் ஐஸ் ஹாக்கியும்கூட இருந்தன. பேஸ்பாலின் உடன்பிறப்பான சாஃப்ட்பாலும் இருந்தது. பேஸ்பால் மட்டும் இல்லை.

இதன் விளைவு விசித்திரமானது. ஒரே பல்கலைக்கழகத்தில், ஒரே மைதானத்தில், ஏறத்தாழ ஒரே மாதிரியான மட்டையும் கையுறையும் கொண்டு பயிற்சி பெறும் இருவரில், சாஃப்ட்பால் ஆடியவருக்கு மத்திய அரசு வேலைக்கு விண்ணப்பிக்கும் தகுதி உண்டு; பேஸ்பால் ஆடியவருக்கு இல்லை. இரு விளையாட்டுகளுக்கும் இடையிலான வேறுபாடு பந்தின் அளவும், எறியும் முறையும், ஆடுகளத்தின் பரப்பும்தான்.

இந்த ஒதுக்கீட்டின் விதிகளையும் இங்கே நினைவுகூர வேண்டும். மத்திய அரசின் 'சி' பிரிவுப் பணிகளில் நேரடி நியமனத்துக்கான காலியிடங்களில் 5 சதவீதம் வரை விளையாட்டு வீரர்களைக் கொண்டு நிரப்பலாம். நாட்டுக்காகவோ மாநிலத்துக்காகவோ ஆடியவர்கள், மாநிலப் பள்ளி அணிகளுக்காக ஆடியவர்கள் ஆகியோருடன், பல்கலைக்கழகங்களுக்கு இடையேயான போட்டிகளில் தங்கள் பல்கலைக்கழகத்துக்காக ஆடியவர்களும் இதற்குத் தகுதியானவர்கள். முன்னுரிமை வரிசையில் சர்வதேசப் போட்டிகளில் ஆடியவர்கள் முதலிடத்திலும், தேசியப் போட்டிகளில் முதல் மூன்று இடங்களுக்குள் வந்தவர்கள் அடுத்த இடத்திலும், பல்கலைக்கழகப் போட்டிகளில் முதல் மூன்று இடங்களுக்குள் வந்தவர்கள் அதற்கடுத்த இடத்திலும் வைக்கப்பட்டுள்ளனர்.

ஒரு விவசாயக் கூலியின் மகனுக்கோ, லாரி ஓட்டுநரின் மகளுக்கோ கல்லூரி அணியின் சீருடை ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கான விடை இந்த வரிசையில் இருக்கிறது. அவர்கள் ஆடுவது கோப்பைக்காக மட்டும் அல்ல. ஒரு நிரந்தர வேலைக்காகவும்தான். பட்டியலில் இல்லாத விளையாட்டை ஆடுவது அவர்களுக்குக் கட்டுப்படியாகாத ஆடம்பரம்.

சில நாள்களில் முடியும் பருவம்

இந்தியாவில் பேஸ்பாலுக்கு முறையான அமைப்பு தோன்றியது 1983-ஆம் ஆண்டில். இந்திய அமெச்சூர் பேஸ்பால் சம்மேளனம் அப்போது உருவானது. முதலாவது தேசியப் போட்டி 1985-இல் தில்லியில் நடைபெற்றது. அந்த ஆட்டம் பின்னர் பல்கலைக்கழகங்களுக்குள்ளும் நுழைந்தது. 1925-ஆம் ஆண்டில் பல்கலைக்கழகங்களுக்கு இடையேயான வாரியமாகத் தொடங்கப்பட்டு, இன்று இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கமாக இயங்கும் அமைப்புதான் இப்போட்டிகளை ஆண்டுதோறும் ஒருங்கிணைக்கிறது. ஒரு பல்கலைக்கழகம் போட்டியை நடத்தும் பொறுப்பை ஏற்கும். மற்றவை அணிகளை அனுப்பும்.

பருவம் என்று சொல்லிக்கொள்ளும் அளவுக்கு அது நீண்டதல்ல. முதலில் ஒரே பல்கலைக்கழகத்தின் கீழுள்ள கல்லூரிகளுக்குள் போட்டி நடக்கும். அதில் திறமை காட்டியவர்களைக் கொண்டு பல்கலைக்கழக அணி அமையும். சில நாள் பயிற்சி முகாமுக்குப் பிறகு அந்த அணி ரயிலேறும். போட்டி ஒரு வாரத்துக்குள் முடிந்துவிடும். தொடக்கத்திலேயே தோற்கும் அணிக்கு ஓர் ஆண்டு உழைப்பின் பலன் ஒன்றிரண்டு ஆட்டங்கள்தான்.

தில்லிப் பல்கலைக்கழகம் விளையாட்டு, கலைத் திறன் அடிப்படையில் 5 சதவீதம் வரை கூடுதல் இடங்களை மாணவர்களுக்கு அளித்துவருகிறது. அதன் விளையாட்டுப் பட்டியலில் ஆண்கள், பெண்கள் ஆகிய இரு பிரிவினருக்கும் பேஸ்பால் உண்டு. மதிப்பெண் போதாத மாணவர் ஒருவர் தலைநகரின் கல்லூரி ஒன்றில் நுழைய அந்தப் பந்து வழிவிடுகிறது. பட்டம் முடித்து வெளியே வரும்போதுதான் அடுத்த கதவு 2020 வரை மூடியிருந்தது.

ஆடுகளத்தின் நிலையும் ஒரு தடை. பேஸ்பாலில் பந்தை எறியும் பிட்சர், தரைமட்டத்திலிருந்து 25 சென்டிமீட்டர் உயர்ந்த மண்மேட்டில் நின்று, 18.44 மீட்டர் தொலைவில் மட்டையுடன் நிற்பவரை நோக்கி எறிய வேண்டும். மாலையில் கால்பந்தும் காலையில் ஓட்டப் பயிற்சியும் நடக்கும் பொது மைதானத்தின் நடுவே அப்படியொரு நிரந்தர மேட்டை எழுப்ப எந்தக் கல்லூரியும் இசையாது. எனவே, நம் மாணவர்களில் பலரும் சமதரையில் நின்று எறிந்தே பழகுகின்றனர். மேட்டிலிருந்து எறிவது வேறு வித்தை. தோளும் இடுப்பும் இயங்கும் விதம் அதில் மாறிவிடும்.

இம்பாலின் வேறு வரலாறு

தலைநகரில் சம்மேளனம் தோன்றுவதற்கு வெகுகாலம் முன்பே பேஸ்பாலை அறிந்திருந்ததாகப் பெருமை கொள்ளும் மாநிலம் ஒன்று உண்டு. அது மணிப்பூர். இரண்டாம் உலகப் போரின்போது, 1944-இல் ஜப்பானியப் படை இம்பாலை முற்றுகையிட்டது. அக்காலத்தில் மணிப்பூரின் விமானத் தளங்களுக்கு வந்த அமெரிக்க வீரர்கள் ஓய்வு நேரத்தில் ஆடியதைப் பார்த்தே உள்ளூர் மக்கள் பேஸ்பாலைக் கற்றனர் என்பது அங்கு வழங்கிவரும் வரலாறு.

போலோவையும் குத்துச்சண்டையையும் வளர்த்த அந்த மண்ணில் பேஸ்பாலும் வேர் பிடித்தது. ஆண்களுக்குச் சமமாகப் பெண்களும் அதை ஆடினர். ஆயுதப்படை சிறப்பு அதிகாரச் சட்டத்தின் நிழலிலும், அடிக்கடி நடந்த கடையடைப்புகளுக்கும் ஊரடங்குகளுக்கும் இடையிலும் அவர்கள் ஆடியதை அமெரிக்க இயக்குநர் மிர்ரா பேங்க் 'தி ஒன்லி ரியல் கேம்' என்ற ஆவணப் படமாக எடுத்தார். 2013-இல் வெளிவந்த அப்படம் பல நாடுகளில் திரையிடப்பட்டது.

விளையாட்டில் மணிப்பூர் காட்டிய ஆர்வத்தை மத்திய அரசும் அங்கீகரித்தது. தேசிய விளையாட்டுப் பல்கலைக்கழகத்தை அம்மாநிலத்தில் அமைப்பதற்கான சட்டத்தை நாடாளுமன்றம் 2018-இல் நிறைவேற்றியது. ஆனால், 2023 மே 3-ஆம் தேதி தொடங்கிய இன மோதல் மணிப்பூரின் அன்றாட வாழ்வையே புரட்டிப்போட்டது. பள்ளிகள் மூடப்பட்டன. பல்லாயிரம் பேர் நிவாரண முகாம்களில் தஞ்சமடைந்தனர். ஒரு தலைமுறை மாணவர்கள் படிப்பையும் ஆட்டத்தையும் சேர்த்தே இழந்தனர்.

லக்னௌ கல்லூரியின் இரு மாணவர்கள்

மணிப்பூருக்குப் போர் கொண்டுவந்த பேஸ்பாலை உத்தரப் பிரதேசத்துக்குக் கொண்டுவந்தது ஒரு தொலைக்காட்சிப் போட்டி. லக்னௌவில் உள்ள குரு கோவிந்த் சிங் விளையாட்டுக் கல்லூரியை மாநில அரசு நடத்துகிறது. பெயரில் கல்லூரி என்றாலும், இளம் வயதிலேயே சிறுவர்களைத் தேர்ந்தெடுத்துத் தங்கவைத்துப் படிப்பும் பயிற்சியும் தரும் உறைவிட நிறுவனம் அது. சென்னை ரசிகர்களின் 'சின்ன தல' சுரேஷ் ரெய்னா உருவானதும் அங்கேதான்.

அக்கல்லூரியில் ஈட்டி எறிதல் பயின்றவர்கள் ரிங்கு சிங்கும் தினேஷ் படேலும். பதோஹி மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் ஒன்பது குழந்தைகளில் ஒருவராகப் பிறந்த ரிங்குவின் தந்தை லாரி ஓட்டுநர். தினேஷ், வாராணசிக்கு அருகிலுள்ள கிராமத்தில் பாட்டியின் பராமரிப்பில் வளர்ந்தவர். இருவரும் அதுவரை பேஸ்பால் ஆடியதில்லை.

அமெரிக்காவைச் சேர்ந்த விளையாட்டு முகவர் ஜே.பி. பெர்ன்ஸ்டீன் 2007-08-இல் இந்தியாவில் 'மில்லியன் டாலர் ஆர்ம்' என்ற போட்டியை நடத்தினார். இவ்வளவு பெரிய நாட்டில், கிரிக்கெட் பந்தை எறிந்து பழகிய இளைஞர்களிடையே ஒரு பிட்சர் கிடைக்காமலா போவார் என்பது அவரது கணக்கு. 37 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் எறிந்து பார்த்தனர். மணிக்கு 87 மைல், அதாவது 140 கிலோ மீட்டர் வேகத்தில் எறிந்த ரிங்கு முதலிடம் பெற்று ஒரு லட்சம் டாலர் பரிசை வென்றார். தினேஷ் இரண்டாமிடம் பெற்றார்.

கிரிக்கெட் வீரர்களை முந்தி ஈட்டி எறிபவர்கள் வென்றது தற்செயல் எனச் சொல்லிவிட முடியாது. கிரிக்கெட்டில் பந்து வீசுபவர் முழங்கையை 15 டிகிரிக்கு மேல் நிமிர்த்தினால் அது விதிமீறல். பேஸ்பாலிலோ முழங்கையை மடக்கி, தோளுக்கு மேலிருந்து சாட்டைபோல் சொடுக்கி எறிவதே முறை. ஈட்டி எறிபவரின் கை ஏறத்தாழ அந்தப் பாதையில்தான் பயணிக்கிறது.

பன்னிரண்டு பட்டங்கள் வென்ற மைதானம்

2008-இல் இருவரும் அழைத்துச் செல்லப்பட்டது லாஸ் ஏஞ்சலீஸில் உள்ள தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு. அங்கு அவர்களுக்குப் பயிற்சி அளித்தவர் டாம் ஹவுஸ். அதே பல்கலைக்கழகத்தில் பயின்று தொழில்முறை பிட்சராக விளங்கியவர் அவர்.

அந்தப் பல்கலைக்கழகத்தின் வரலாற்றை அறிந்தால்தான் இரு கல்லூரிகளுக்கும் இடையிலான தொலைவு விளங்கும். அமெரிக்காவில் கல்லூரி அணிகளுக்கு இடையிலான முதல் பேஸ்பால் ஆட்டம் 1859-ஆம் ஆண்டில் மாசசூசெட்ஸ் மாகாணத்தில் ஆம்ஹர்ஸ்ட், வில்லியம்ஸ் ஆகிய கல்லூரிகளிடையே நடைபெற்றது. இந்தியாவில் கல்கத்தா, பம்பாய், சென்னைப் பல்கலைக்கழகங்கள் தோன்றி இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்த நேரம் அது. தேசிய அளவிலான கல்லூரி உலகத் தொடர் 1947-இல் தொடங்கியது. அந்த முதல் தொடரின் இறுதியில் கலிஃபோர்னியா அணியிடம் தோற்ற யேல் பல்கலைக்கழக அணியில் ஆடிய ஓர் இளைஞர், பின்னாளில் அமெரிக்காவின் 41-ஆவது அதிபரானார். அவர்தான் மூத்த ஜார்ஜ் புஷ். மறு ஆண்டும் அவர் அணி இறுதிக்கு வந்து தோற்றது. அம்முறை வென்றது தெற்கு கலிஃபோர்னியா.

அன்று முதல் 1998 வரை அந்தப் பல்கலைக்கழகம் வென்ற பட்டங்கள் 12. வேறெந்தக் கல்லூரியும் இத்தனை வென்றதில்லை. ராட் டீடோ என்ற ஒரே பயிற்சியாளர் 1942 முதல் 1986 வரை அந்த அணியுடன் இருந்தார். 1970 முதல் 1974 வரை தொடர்ச்சியாக ஐந்து ஆண்டுகள் பட்டம் அவரது அணிக்கே சென்றது. அமெரிக்கக் கல்லூரி அணி ஒன்று பிப்ரவரியில் தொடங்கி வழக்கமான பருவத்தில் 56 ஆட்டங்கள் வரை ஆடலாம். அதன் பிறகு 64 அணிகள் நாக்-அவுட் சுற்றுகளில் மோதும். கடைசி எட்டு அணிகள் ஜூன் மாதத்தில் நெப்ராஸ்கா மாகாணத்தின் ஒமாஹா நகரில் கூடும். 1950 முதல் இத்தொடர் அந்நகரில்தான் நடக்கிறது.

அமெரிக்க முறையிலும் குறைகள் இல்லாமல் இல்லை. மாணவர்களின் உழைப்பால் பல்கலைக்கழகங்கள் கோடிகளை ஈட்டின. ஆடியவர்களுக்கோ கல்வி உதவித்தொகை மட்டுமே என்ற நிலை பல்லாண்டுகள் நீடித்தது. 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டுக்குப் பிறகே கல்லூரிகள் வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தர வழி பிறந்தது. ஆனால், அங்கே ஒரு மாணவர் பள்ளியிலிருந்து கல்லூரிக்கும், கல்லூரியிலிருந்து தொழில்முறைக் கழகங்களுக்கும் ஏறிச் செல்ல வரிசையாகப் படிகள் இருக்கின்றன. லக்னௌ மாணவர்களுக்கு அந்தப் படிகள் எதுவும் இருக்கவில்லை. அவர்கள் ஒரே தாவலில் மேலே போக வேண்டியிருந்தது.

பரிசும் அதன் விலையும்

2008 நவம்பரில் பிட்ஸ்பர்க் பைரட்ஸ் கழகம் இருவரையும் ஒப்பந்தம் செய்தது. அமெரிக்காவின் முதல்நிலை பேஸ்பால் கழகம் ஒன்றுடன் ஒப்பந்தமான முதல் இந்தியர்கள் அவர்களே. 2009 ஜூலையில் அக்கழகத்தின் கீழ்நிலை அணியில் இருவரும் களமிறங்கினர். அதே மாதம் 13-ஆம் தேதி ரிங்குவின் பெயரில் ஒரு வெற்றி பதிவானது. அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பாலில் இந்தியர் ஒருவர் பெற்ற முதல் வெற்றி அது.

கதை அங்கேயே முடிந்திருந்தால் அது தேவதைக் கதை. 2014-இல் டிஸ்னி நிறுவனம் எடுத்து, ஏ.ஆர். ரஹ்மான் இசையமைத்த 'மில்லியன் டாலர் ஆர்ம்' திரைப்படம் ஏறக்குறைய அந்த இடத்தில்தான் முடிகிறது. நிஜம் அதற்குப் பிறகும் தொடர்ந்தது. தினேஷை 2010-ஆம் ஆண்டின் இறுதியில் கழகம் விடுவித்தது. ரிங்கு கீழ்நிலை அணிகளில் 2012 வரை எறிந்தார். அதன் பிறகு முழங்கை, தோள் காயங்களும் அறுவைச் சிகிச்சைகளும் அவரைக் களத்துக்குத் திரும்ப விடவில்லை. 2018-இல் அவர் அமெரிக்கத் தொழில்முறை மல்யுத்தத்துக்கு மாறி, 'வீர் மகான்' என்ற பெயரில் அறியப்பட்டார். பெருங்கழகங்களின் முதல்நிலை ஆட்டம் ஒன்றில் எறியும் வாய்ப்பு இருவருக்கும் கடைசிவரை கிட்டவில்லை.

இருவரையும் குறைகூற இதில் ஒன்றும் இல்லை. பத்து வயதில் பந்தைப் பிடித்தவர்களோடு, இருபதை ஒட்டிய வயதில் கையுறையை முதன்முறையாக அணிந்தவர்கள் அவ்வளவு தூரம் சென்றதே அரிய சாதனை. கேள்வி வேறு. மாநில அரசின் விளையாட்டுக் கல்லூரியில் படித்த இரு மாணவர்களின் கைவலிமையை, ஓர் அமெரிக்க முகவரின் தொலைக்காட்சிப் போட்டி வந்துதான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது ஏன்? அவர்கள் உலகச் செய்தியான பிறகும், அந்த வேகத்தைப் பயன்படுத்திக்கொள்ள இங்கே ஒரு கல்லூரித் திட்டம்கூட உருவாகாதது ஏன்?

யாருடைய பொறுப்பு?

அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணைப்படி விளையாட்டு மாநிலப் பட்டியலில் இருக்கிறது. கல்வியோ 1976-ஆம் ஆண்டின் 42-ஆவது திருத்தத்துக்குப் பிறகு பொதுப் பட்டியலுக்குச் சென்றது. கல்லூரி விளையாட்டு இவ்விரண்டுக்கும் நடுவே நிற்கிறது. பல்கலைக்கழகம் கல்வித் துறையின் கீழ், சம்மேளனம் விளையாட்டுத் துறையின் கீழ், வேலை ஒதுக்கீடு பணியாளர் துறையின் கீழ் என மூன்று வாசல்கள். ஒரு மாணவர் மூன்றையும் கடக்க வேண்டும்.

இந்த மூன்றும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்வதில்லை என்பதற்கு 2020-ஆம் ஆண்டே சான்று. அந்த ஆண்டு பிப்ரவரியில் ஒடிஸாவின் புவனேசுவரத்தில் முதலாவது 'கேலோ இந்தியா' பல்கலைக்கழக விளையாட்டுகள் 17 பிரிவுகளில் நடைபெற்றன. பல்கலைக்கழகங்கள் ஆண்டுதோறும் ஆடிவரும் பேஸ்பால் அவற்றில் இல்லை. ஏறத்தாழ ஆறு மாதம் கழித்து, அதே மத்திய அரசின் இன்னொரு துறை பேஸ்பாலை வேலைக்குத் தகுதியான விளையாட்டாக அறிவித்தது.

நாடாளுமன்றமும் அண்மையில் விளையாட்டைப் பற்றி விரிவாகவே சட்டமியற்றியது. 2025 ஆகஸ்டில் இரு அவைகளிலும் நிறைவேறிய தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம், சம்மேளனங்களைக் கண்காணிக்கத் தேசிய வாரியத்தையும் வழக்குகளைத் தீர்க்கத் தீர்ப்பாயத்தையும் ஏற்படுத்த வகை செய்கிறது. சம்மேளனச் செயற்குழுக்களில் பெண்களுக்கும் வீரர்களுக்கும் இடம் உறுதி செய்யப்பட்டுள்ளது. வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தம் தொடர்பான எதிர்க்கட்சிகளின் முழக்கங்களுக்கு இடையே மக்களவை அந்த மசோதாவை நிறைவேற்றியது. நிர்வாகத்தைச் சீர்செய்யும் சட்டம் என்ற வகையில் அது வரவேற்கத்தக்கதே. ஆனால், சம்மேளனத்தின் தேர்தல் நேர்மையாக நடந்துவிட்டால் மட்டும் கல்லூரி மைதானத்தில் 25 சென்டிமீட்டர் மண்மேடு எழும்பிவிடாது.

அதே ஆண்டு ஜூலை 1-ஆம் தேதி மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த புதிய தேசிய விளையாட்டுக் கொள்கை, 2001-ஆம் ஆண்டின் கொள்கைக்கு மாற்றாக வந்தது. தேசியக் கல்விக் கொள்கையுடன் விளையாட்டை இணைப்பது அதன் நோக்கங்களுள் ஒன்று. சிறிய விளையாட்டுகளை ஆடும் மாணவர்கள் எதிர்பார்ப்பது அந்த இணைப்பு ஏட்டளவில் நின்றுவிடக் கூடாது என்பதைத்தான்.

மும்பையில் எடுத்த முடிவு

2023 அக்டோபர் 16-ஆம் தேதி மும்பையில் கூடிய சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியின் அமர்வு, 2028 லாஸ் ஏஞ்சலீஸ் ஒலிம்பிக்கில் கிரிக்கெட்டைச் சேர்த்தது. நாடெங்கும் அது கொண்டாடப்பட்டது. 1900-க்குப் பிறகு கிரிக்கெட் ஒலிம்பிக்குக்குத் திரும்புகிறது என்பது தலைப்புச் செய்தி. அதே தீர்மானத்தில் அதே கைதூக்கலில் பேஸ்பாலும் சாஃப்ட்பாலும் இடம்பெற்றன என்பது இந்தியாவில் பெரிதாகப் பேசப்படவில்லை.

2008 பெய்ஜிங் ஒலிம்பிக்குக்குப் பின் நீக்கப்பட்டு, டோக்கியோவில் ஒருமுறை திரும்பி, பாரிஸில் மீண்டும் விடுபட்ட பேஸ்பால், 2028-இல் ஆறு அணிகளுடன் ஆடப்படும். ஆசியாவில் ஜப்பான், தென் கொரியா, தைவான் ஆகியவற்றின் வலிமைக்கு அருகே இந்தியா நெருங்க இயலாது என்பது உண்மை. ஆனால், அவற்றுக்கு அடுத்த நிலையில் இருப்பவர்களோடு ஆடுவதற்குக்கூட இந்தியா போகவில்லை. 2018-ஆம் ஆண்டு ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் பாகிஸ்தானும் இலங்கையும் பேஸ்பால் ஆடின. இந்தியா ஆடவில்லை.

வெளியிலிருந்து ஆர்வம் காட்டுபவர்கள் இன்றும் இருக்கின்றனர். அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பால் அமைப்பு 2019-இல் தில்லியில் அலுவலகம் திறந்து, பள்ளிச் சிறுவர்களுக்கு ஆட்டத்தை அறிமுகப்படுத்திவருகிறது. நூற்று நாற்பது கோடி மக்கள் கொண்ட சந்தை அவர்களின் கண்ணுக்குத் தெரிகிறது. பள்ளியில் பழகிய சிறுவன் கல்லூரிக்கு வரும்போது அவனை ஏற்றுக்கொள்ள ஆடுகளமும் பயிற்சியாளரும் ஒரு முழுப் பருவமும் வேண்டும். அது எந்த அந்நிய லீகின் கடமையும் அல்ல.

2030 காமன்வெல்த் விளையாட்டை நடத்தும் வாய்ப்பு ஆமதாபாதுக்குக் கிடைத்துள்ளது. 2036 ஒலிம்பிக்கையும் நடத்த இந்தியா விரும்புகிறது. அந்த ஆண்டில் களமிறங்கக்கூடிய இளைஞர்கள் இப்போது பள்ளிகளில் படித்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் ஏற வேண்டிய முதல் படி தில்லியிலோ லாஸ் ஏஞ்சலீஸிலோ இல்லை. அவரவர் ஊர்க் கல்லூரியில் இருக்கிறது.

அந்தப் படியைக் கட்டுவதற்குப் பெருந்தொகை வேண்டியதில்லை. பல்கலைக்கழகம் ஒன்றுக்கு மேட்டுடன் கூடிய ஓர் ஆடுகளம், மண்டலத்துக்கு ஒரு முழுநேரப் பயிற்சியாளர், ஒரு வாரத்தில் முடிந்துவிடாமல் மூன்று மாதமாவது நீளும் போட்டி அட்டவணை ஆகியவை போதும் தொடங்குவதற்கு. 2020-ஆம் ஆண்டின் குறிப்பாணை பேஸ்பால் ஆடிய மாணவரின் சான்றிதழுக்கு மதிப்புத் தந்தது. அந்தச் சான்றிதழைப் பெறுவதற்கு அவர் ஆடும் ஆட்டங்களின் எண்ணிக்கை மட்டும் அப்படியே இருக்கிறது.